பூத் ஏஜெண்டாக உட்காருபவர் உண்மையில் என்ன பார்க்க வேண்டும்? 17சி படிவம் எதற்கு?

வைகைக்கரை (கேள்வி):

வரும் தேர்தலில் எங்கள் தொகுதியில் நிற்கும் சுயேச்சை ஒருவருக்குப் பூத் ஏஜெண்டாக உட்காரச் சம்மதித்திருக்கிறேன். பெரிய கட்சிக்காரர்களிடம் கேட்டால், "காலையில ஒரு கையெழுத்து, சாயங்காலம் ஒரு கையெழுத்து, நடுவுல சாப்பாடு வந்துரும், அவ்வளவுதான்" என்கிறார்கள். அவ்வளவுதான் என்றால் நாள் முழுக்க ஒரு ஆளை அங்கே உட்கார வைக்கச் சட்டம் ஏன் இடம் கொடுக்கிறது?

எனக்குத் தெரிய வேண்டியவை: மாதிரி ஓட்டு போடும்போது என்ன பார்க்க வேண்டும்? கள்ள ஓட்டு போட ஒருவர் வந்தால் என்ன செய்யலாம்? 49பி (49P) என்கிறார்களே, அது எப்போது? சாவடியில் பதிவான ஓட்டுகளின் கணக்கு என்று 17சி படிவத்தைக் கட்டாயம் வாங்கச் சொல்கிறார்கள், அதை வைத்து என்ன செய்வது? எங்களிடம் ஆளும் கிடையாது, காசும் கிடையாது. எதில் கவனம் வைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டுச்சாவடி:

தம்பி, முதலில் காகித வேலை. உங்கள் நியமனம் படிவம் 10. வேட்பாளரோ அவருடைய தலைமை ஏஜெண்டோ அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இருவரின் மாதிரிக் கையெழுத்து சாவடித் தலைமை அலுவலரிடம் இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பார். கடைசி இரவில் முந்நூறு படிவத்துக்கு யாரோ ஒருவர் வேட்பாளர் பெயரைக் கிறுக்கி அனுப்புவது சுயேச்சைகள் தரப்பில் வழக்கமாக நடக்கும் கோளாறு. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். படிவத்தின் உறுதிமொழிப் பகுதியில் நீங்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அதைத் தலைமை அலுவலர் முன்னால்தான் போட வேண்டும்.

ஒரு சாவடிக்கு ஒரு ஏஜெண்ட், மாற்று ஆட்கள் இருவர். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான். அந்தச் சாவடியிலோ பக்கத்துச் சாவடியிலோ ஓட்டு உள்ளவராகப் பார்த்துப் போடுவது நல்லது. அப்படி ஆள் கிடைக்காவிட்டால் அதே தொகுதி வாக்காளரை வைத்துக்கொள்ளலாம் என்று 2021-ல் ஆணையம் தளர்த்தியது. அரசு ஊழியரை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ பிரிவில் அது மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உட்காரும் வரிசையும் ஆணையம் வகுத்ததுதான்: தேசியக் கட்சி, மாநிலக் கட்சி, வெளிமாநிலத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சி, பதிவு மட்டும் பெற்ற கட்சி, கடைசியில் சுயேச்சை. வகுப்பறை சின்னதாக இருந்தால் உங்கள் பெஞ்சு கதவு ஓரத்துக்குப் போய்விடும். பரவாயில்லை, வருகிறவர் முகம் தெரிந்து, முதல் அலுவலர் பெயரும் வரிசை எண்ணும் வாசிப்பது காதில் விழுந்தால் போதும். விழவில்லை என்றால் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாதிரி ஓட்டு, பதிவு தொடங்க 90 நிமிடம் முன்பு. 7 மணிக்குப் பதிவு என்றால் 5.30. குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் ஏஜெண்டுகளாவது வரவில்லை என்றால் 15 நிமிடம் பார்ப்பார்கள், அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். நீங்கள் 5.50-க்குப் போனால் அந்த நாளின் முக்கியமான வேலை முடிந்திருக்கும். முதலில் ஓட்டுகளைக் கணக்கில் வைக்கும் கண்ட்ரோல் யூனிட்டில் பூஜ்யம் காட்ட வேண்டும், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சிடும் விவிபேட்டின் சீட்டுப் பெட்டி காலி என்று திறந்து காட்ட வேண்டும். பிறகு குறைந்தது 50 ஓட்டு, நோட்டா உட்பட ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றாவது. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று உங்கள் தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பொத்தான்கள் உள்ள பேலட் யூனிட் ஒன்றில் 16 பெயர்தான் கொள்ளும். ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 2023-ல் 77 பேர் நின்றதால் ஒவ்வொரு சாவடியிலும் ஐந்து யூனிட் வைத்தார்கள். அப்படி இருந்தால் எல்லா யூனிட்டிலும் அழுத்திப் பார்க்க வேண்டும், இடமிருந்து வலமாக வரிசை சரியா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் ஆள் சுயேச்சை, ஆகவே கட்சி வேட்பாளர்களுக்குப் பின்னால்தான் அவர் பெயர் இருக்கும்.

50 முடிந்ததும் குளோஸ் பொத்தான், அடுத்து ரிசல்ட், அதை விவிபேட் சீட்டுகளோடு ஒப்பிடுவது, அதன் பின் கிளியர். இந்தக் கிளியரில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரத்தில் அதை அழுத்த மறந்தால் அந்த 50 ஓட்டும் உண்மை ஓட்டோடு சேர்ந்துகொள்ளும். சாயங்காலம் மெஷின் கணக்கு பதிவேட்டை விட 50 கூடுதலாக நிற்கும். எண்ணும் நாளில் அந்தச் சாவடியே தனியாக ஒதுங்கிவிடும். கிளியர் ஆனபின் மறுபடி டோட்டல் அழுத்தி பூஜ்யம் காட்டச் சொல்லுங்கள், அதைக் கண்ணால் பார்த்தபின் சான்றிதழில் கையெழுத்துப் போடுங்கள். விவிபேட்டில் விழுந்த மாதிரிச் சீட்டுகளையும் எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து இளஞ்சிவப்புத் தாள் முத்திரை ஒட்ட வேண்டும். பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டால் பின்னால் சீட்டு எண்ணிக்கை உதைக்கும். கண்ட்ரோல் யூனிட்டின் ரிசல்ட் பகுதியை மூடும் பச்சைத் தாள் முத்திரையில் நீங்களும் கையெழுத்திடலாம். அதன் வரிசை எண், கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், விவிபேட் எண்கள், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பகலில் வேலை சலிப்பானது. ஆயிரம் ஓட்டுள்ள சாவடியில் 72 சதவீதம் என்றால் 720 பேர். 7 மணி முதல் 6 மணி வரை 11 மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரி 55 நொடிக்கு ஒருவர். வாக்காளர் பட்டியலில் பெயர்களை அடித்துக்கொண்டே வந்தால் உங்கள் எண்ணிக்கையும் மெஷின் டோட்டலும் ஒன்றாகவே நகரும். தலைமை அலுவலர் இரண்டு மணிக்கொரு தரம் மேலே கணக்குச் சொல்லும்போது நீங்களும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வரிசையே இல்லாத மதியத்தில் எண் மட்டும் ஓடினால் அப்போதே கேளுங்கள், மாலையில் கேட்டுப் பயனில்லை.

காதையும் தீட்டி வையுங்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் நீளமாக ஒரு பீப் வரும். ஓட்டு மறைவுக்குள் போனவர் பீப் வராமலே வெளியே வந்தால் அவர் ஓட்டு விழவில்லை, மெஷின் இன்னும் திறந்தே நிற்கிறது. வயதானவர்கள் சின்னத்தின் மேலேயே விரலை அழுத்திவிட்டு வருவது சகஜம். அலுவலர் கவனிக்காமல் விட்டால் அடுத்தவர் அந்த ஓட்டைப் போட்டுவிடுவார், கணக்கில் ஒன்று இடிக்கும். "சார், பீப் வரல" என்று சொல்வது உங்கள் வேலைதான்.

மெஷின் நடுவில் மக்கர் செய்தால்: விவிபேட் மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றுவார்கள், மாதிரி ஓட்டு கிடையாது. கண்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ கெட்டால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாதிரி ஓட்டு போட்டு மறுபடி கிளியர் செய்ய வேண்டும். அந்த இரண்டாவது கிளியரைத்தான் வரிசையில் நிற்பவர்களின் கூச்சலில் மறப்பார்கள்.

சட்டப்புள்ளி:

மேலே அண்ணன் சொன்னதோடு, கள்ள ஓட்டு விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். இதில் வாட்ஸ்அப் வதந்தி அதிகம்.

முதல் வதந்தி: பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி "சேலஞ்ச் ஓட்டு" போடலாம் என்பது. கிடையாது. பட்டியலில் பெயர் இல்லையேல் ஓட்டு இல்லை. சேலஞ்ச் என்பது உங்களைப் போன்ற ஏஜெண்ட், வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று ஆட்சேபிப்பது. விதி 49ஜே. ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் 2 ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். எழுத்துப் பிழை போலத் தோன்றும், இன்றும் 2 ரூபாய்தான். சில்லறையாக இருபது முப்பது ரூபாய் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமை அலுவலர் அங்கேயே சுருக்க விசாரணை நடத்துவார். ஆட்சேபணை நிரூபணமானால் வந்தவரை எழுத்துப் புகாரோடு போலீசிடம் ஒப்படைக்க வேண்டும், பணம் உங்களுக்குத் திரும்பி வரும். வேண்டுமென்றே தொல்லை கொடுக்கக் கேட்டதாகத் தெரிந்தால் பணம் போய்விடும். நேரம் முக்கியம்: அந்த ஆள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, விரலில் மை வைத்து, பீப் சத்தமும் கேட்டபின் எழுந்து நின்று கத்துவதில் பயனில்லை. பெயர் வாசிக்கப்படும் நொடியில் சொல்ல வேண்டும்.

இதற்குக் கைகொடுப்பது ஏ.எஸ்.டி. பட்டியல். வீட்டில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று வீடுவீடாகப் போனபோது குறித்த பெயர்கள். தலைமை அலுவலரிடம் இருக்கும். அந்தப் பெயரில் யாராவது வந்தால் அடையாளத்தைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும், கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வாங்க வேண்டும். முந்தின நாளே அந்தப் பெயர்களை உங்கள் பட்டியலில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தால் காலை நேர நெரிசலில் தேட வேண்டியிருக்காது. பூத் சிலிப் மட்டும் அடையாளச் சான்று ஆகாது, 2019 முதல் அப்படித்தான். வாக்காளர் அட்டை அல்லது ஆணையம் சொல்லும் மாற்று ஆவணங்களில் ஒன்று வேண்டும்.

இரண்டாவது வதந்தி: ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறு வாக்குப்பதிவு என்பது. எந்தச் சட்டத்திலும் விதியிலும் இல்லாத எண் அது. டெண்டர் ஓட்டு, அதாவது விதி 49பி, என்பது இவ்வளவுதான்: ஒருவர் வருகிறார், அவர் பெயரில் ஏற்கெனவே யாரோ ஓட்டுப் போட்டுவிட்டார். தலைமை அலுவலர் கேள்வி கேட்டு, இவர்தான் உண்மையான ஆள் என்று தெரிந்துகொண்டால் மெஷினில் விட மாட்டார். அச்சிட்ட ஓட்டுச் சீட்டு ஒன்று கொடுப்பார், சாவடிக்கு 20 இருக்கும். அதில் முத்திரை குத்தி உறையில் போட வேண்டும், பெயர் 17பி (17B) பட்டியலில் ஏறும். இந்தச் சீட்டுகளை எண்ணும் நாளில் பிரிக்கவே மாட்டார்கள். பின்னர் தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் அவற்றுக்கு உயிர். ராஜஸ்தானின் நாத்வாராவில் 2008-ல் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கே டெண்டர் ஓட்டுகள்தான் பேச்சாக இருந்தன. ஆகவே "எண்ண மாட்டார்களே, எதற்கு?" என்று அந்த வாக்காளரைத் திருப்பி அனுப்ப விடாதீர்கள். 17பி-யில் ஏறிய ஒவ்வொரு பெயரும் அந்தச் சாவடியில் ஒரு கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கான அரசுப் பதிவு.

விவிபேட் சீட்டு 7 நொடி தெரியும். "நான் ஒன்றை அழுத்தினேன், சீட்டில் வேறு பெயர் வந்தது" என்று யாராவது சொன்னால் விதி 49எம்ஏ. பொய்யாகச் சொன்னால் தண்டனை உண்டு என்று எச்சரித்து, எழுத்தில் வாங்கி, பதிவேட்டில் இரண்டாவது தடவை பதிந்து, தலைமை அலுவலரும் ஏஜெண்டுகளும் பார்க்கச் சோதனை ஓட்டு போட வைப்பார்கள். உண்மை என்றால் பதிவை அந்த மெஷினில் நிறுத்தியாக வேண்டும். பொய் என்றால் யாருக்கு அந்தச் சோதனை ஓட்டு விழுந்தது என்று குறித்து, எண்ணும்போது கழிக்க வேண்டும்.

துணையோடு ஓட்டுப் போடுவதும் முறைகேடு நுழையும் இடம். பார்வையற்றவர், உடல் இயலாதவருக்கு 18 வயது நிறைந்த ஒருவர் துணைக்குப் போகலாம், உறுதிமொழி கொடுத்துவிட்டு. ஆனால் ஒருவர் அன்று ஒரே ஒருவருக்குத்தான் துணை. அதற்காகவே துணை வருபவருக்கு வலது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார்கள். அதே கரைவேட்டிக்காரர் மூன்று பாட்டிகளோடு மூன்று தடவை வந்தால் வலது கையைக் காட்டச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

அண்ணன்களுக்கு நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் ஏஜெண்டுகள் பலர் நாலு மணிக்கே எழுந்து போய்விடுவார்கள். 17சி-யைப் பிறகு தாலுகா ஆபீசில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். முடியுமா?

படிவக்காரர்:

முடியாது. விதி 49எஸ் தெளிவாகச் சொல்கிறது: பதிவு முடியும்போது அங்கே இருக்கும் ஏஜெண்டுக்கு, ரசீது வாங்கிக்கொண்டு உண்மை நகல் தர வேண்டும். இல்லாதவருக்குத் தரும் கடமை யாருக்கும் கிடையாது. 2024 மக்களவைத் தேர்தலின் நடுவே 17சி-க்களை இணையத்தில் போடச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். ஏஜெண்டுகளைத் தவிர யாருக்கும் தரச் சட்டம் சொல்லவில்லை என்றுதான் ஆணையம் பதில் சொன்னது. நீதிமன்றம் அப்போது இடைக்கால உத்தரவு தரவில்லை. நாலு மணிக்கு எழுந்து போனவர் காலையில் 5.30-க்கு வந்ததே வீண்.

கடைசி மணியில் பார்க்க வேண்டியது இது. முடிவு நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குத் தலைமை அலுவலர் கையெழுத்திட்ட சீட்டு கொடுப்பார். அதை வரிசையின் கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து முன்னோக்கிக் கொடுக்க வேண்டும். முன்னாலிருந்து கொடுத்தால் கொடுக்கக் கொடுக்க வால் நீளும். கடைசி ஓட்டு விழுந்ததும் குளோஸ் அழுத்த வேண்டும், அந்த நேரத்தையும் குறியுங்கள்.

இனி 17சி முதல் பகுதி. மேலே மெஷின் எண்கள். அதன் கீழே வரும் கணக்கு கடைக்கணக்கு மாதிரிதான்: வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் ஏறியவர் 742 என்று வையுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போட மாட்டேன் என்று போனவர் ஒருவர் (49ஓ). நடைமுறையை மீறியதால் அனுமதிக்கப்படாதவர் ஒருவர் (49எம்). 742-லிருந்து இரண்டு போக 740. மெஷின் டோட்டல் 740 காட்ட வேண்டும். சோதனை ஓட்டு இருந்தால் அது இந்த 740-க்குள்ளேயே இருக்கும், கழிக்க வேண்டியது என்று தனி வரியில் வரும். டெண்டர் சீட்டு வாங்கியவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள், அவர்கள் 17பி. அதற்கும் கீழே வந்தவை, கொடுத்தவை, மீந்தவை என்று டெண்டர் சீட்டுக் கணக்கும் பச்சை முத்திரைக் கணக்கும் வரும்.

ஒன்றிரண்டு இடித்தால் பெரும்பாலும் காரணம் மேலே சொன்ன பீப் சமாச்சாரம், அல்லது 49ஓ-வைக் குறிப்பில் எழுத மறந்தது. இடிக்கிறது என்றே எழுதச் சொல்லுங்கள். களைத்துப்போன அலுவலர் பதிவேட்டு எண்ணை மெஷினுக்குத் தக்கபடி "சரி" செய்துவிடுவதுதான் ஆபத்து, எண்ணும் இடத்தில் அது வேறு வடிவத்தில் வந்து நிற்கும். நகலில் எண்கள் கார்பனில் மங்கலாக இருந்தால் அங்கேயே பேனாவால் எழுதி வாங்குங்கள். 1-ம் 7-ம் எண்ணும் மேசையில் சண்டை மூட்டும்.

ராத்திரியே எல்லாச் சாவடி 17சி-யையும் ஒரு நோட்டில் ஏற்றுங்கள்: சாவடி எண், கண்ட்ரோல் யூனிட் எண், பச்சை முத்திரை எண், மெஷின் டோட்டல். நாலு கட்டம் போதும். எண்ணும் இடத்தில் பெரும்பாலும் 14 மேசை. 300 சாவடி என்றால் 22 சுற்று, கடைசிச் சுற்றில் 6 மேசைக்குத்தான் வேலை. மூன்றாம் மேசைக்கு 3, 17, 31 என்று 14 கூட்டிக்கொண்டே வரும். நடுவில் "45ஏ" மாதிரி துணைச் சாவடி இருந்தால் அங்கிருந்து எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். அதைக் கணக்கில் எடுக்காமல் மேசைவாரியாக நோட்டைக் கிழித்துக் கொடுத்தால் ஐந்தாவது சுற்றில் ஆளாளுக்கு வேறு சாவடித் தாளோடு முழிப்பார்கள்.

மேசைக்கு வருவது கண்ட்ரோல் யூனிட் மட்டும். ரிசல்ட் அழுத்துவதற்கு முன்பே மூன்றைப் பாருங்கள்: யூனிட் எண், முத்திரை எண், டோட்டல். டோட்டல் 740 இல்லாமல் 790 என்றால் காலைக் கிளியர் நடக்கவில்லை என்று அர்த்தம். அந்த மெஷினை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அப்படி ஒதுக்கிய சாவடிகளின் ஓட்டை விட அதிகமானால் அவற்றைத் தொட மாட்டார்கள். குறைவானால் விவிபேட் சீட்டை எண்ணுவார்கள். ரிசல்ட் காட்டாமல் அடம்பிடிக்கும் மெஷினுக்கும் கடைசியில் சீட்டுதான். எல்லாம் முடிந்தபின் தொகுதிக்கு ஐந்து சாவடியைக் குலுக்கல் போட்டு விவிபேட் சீட்டை எண்ணுவது 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே மெஷினும் சீட்டும் முரண்பட்டால் சீட்டுக்கணக்குதான் செல்லும், விதி 56டி. குலுக்கல் நேரத்தில் பெரும்பாலான ஏஜெண்டுகள் வெளியே பட்டாசு வெடிக்கவோ தலையில் கை வைக்கவோ போயிருப்பார்கள். உங்கள் ஆளை அங்கேயே நிறுத்துங்கள்.

தபால் ஓட்டை யாரும் மதிப்பதில்லை. உள்ளுறை 13பி, அதற்குள் ஓட்டுச் சீட்டு. வெளியுறை 13சி, அதற்குள் 13பி-யும் 13ஏ உறுதிமொழியும் தனித்தனியாக. 13ஏ இல்லை, கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லை, 13ஏ-வின் எண்ணும் 13பி-யின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், உள்ளுறையைப் பிரிக்காமலே தள்ளுபடி. ராதாபுரத்தில் 2016-ல் வித்தியாசம் 49 ஓட்டு. பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லாது என்று தள்ளிய 203 தபால் ஓட்டுதான் வழக்கே. தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். அதற்குள் ஐந்தாண்டுப் பதவியில் மூன்றரை வருஷம் போயிருந்தது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடையும் போட்டது. தி.நகரில் 2021-ல் 137. இப்படி நெருங்கி வரும் தொகுதியில் தபால் மேசைக்குத்தான் உங்களிடம் உள்ள ஆட்களிலேயே கெட்டிக்காரரைப் போட வேண்டும். தபால் எண்ணிக்கை முடியாமல் மெஷின் எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் ஆணையம் சொல்லியிருக்கிறது, அதையும் நினைவில் வையுங்கள்.

சிவப்புமை:

எல்லாம் சரி. மெஷினுக்குள்ளேயே கை வைத்திருந்தால் உங்கள் 17சி என்ன செய்யும்? 740 விழுந்தது, 740 எண்ணினார்கள். யாருக்கு விழுந்தது என்று 17சி சொல்லுமா?

படிவக்காரர்:

சொல்லாது தோழர், நியாயமான கேள்வி. 17சி பிடிப்பது மெஷின் மாற்றத்தையும் எண்ணிக்கை ஏற்ற இறக்கத்தையும்தான். யாருக்கு என்ற கேள்விக்கு இருக்கும் வழிகள்: காலை மாதிரி ஓட்டு, ஓட்டுப் போடும் ஒவ்வொருவரும் பார்க்கும் 7 நொடிச் சீட்டு, ஐந்து சாவடிக் குலுக்கல். 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் இன்னொன்று சேர்ந்தது: இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர் முடிவு வெளியான 7 நாளுக்குள் எழுத்தில் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சதவீத மெஷின்களின் மைக்ரோகன்ட்ரோலரைச் சோதிக்கலாம். செலவு கேட்டவருடையது, கோளாறு நிரூபணமானால் திரும்பி வரும். சின்னங்களை ஏற்றும் கருவிகளையும் 45 நாள் முத்திரையிட்டு வைக்கச் சொன்னார்கள். ஐந்து சாவடி போதுமா என்று கேட்டால், என் கணக்கில் போதாது. வித்தியாசம் 137 என்றாலும் ஐந்துதான், அரை லட்சம் என்றாலும் ஐந்துதான் என்பதில் தர்க்கம் இல்லை. ஆனால் மெஷினைச் சந்தேகிக்கும் கட்சிகளே பாதிச் சாவடியில் மாதிரி ஓட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை. இருக்கும் பூட்டைப் பூட்டாமல் புதுப் பூட்டு கேட்டால் யார் காதில் ஏறும்?

ஓட்டுச்சாவடி:

வைகைக்கரை தம்பிக்கு, ஆளும் காசும் இல்லாத விஷயம். முந்நூறு சாவடிக்கும் ஆள் போட முயலாதீர்கள். உங்கள் ஆளுக்கு ஓட்டு விழும் இருபது முப்பது சாவடி, பழைய தகராறு உள்ள சாவடி, இவற்றுக்கு மட்டும் கருக்கலிலிருந்து முத்திரை வைக்கும் வரை எழாத ஆள். மற்ற சாவடிகளுக்கு, தோற்கும் நிலையில் உள்ள வேறு வேட்பாளர்களோடு பேசி எண்களைப் பகிர்ந்துகொள்ளலாம், அது குற்றமில்லை. ஆனால் பெரிய கட்சி உங்கள் படிவம் 10-ஐ வெற்றாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். சுயேச்சை பெயரில் தன் ஆட்களை உட்கார வைத்து, ஒரு சாவடியில் மூன்று நான்கு பேராகச் சேர்த்துக்கொள்வது தமிழ்நாட்டில் பழைய வித்தை. சாவடியில் ஆட்சேபணை வரும்போது அந்த "ஏஜெண்டுகள்" எல்லாம் ஒரே குரலில் பேசுவார்கள், நீங்கள் பெயர் கொடுத்த குற்றத்துக்கு வாய் திறக்க முடியாது.

எண்ணும் இடம் சுலபம். 14 மேசை, தபால் மேசை, தேர்தல் நடத்தும் அலுவலர் மேசை, மொத்தம் பதினாறு பேர் இருந்தால் தொகுதி முழுக்க உங்கள் கண் இருக்கும். படிவம் 18, புகைப்படத்தோடு, எண்ணும் நாளுக்கு மூன்று நாள் முன்பு மாலை 5 மணிக்குள் கொடுத்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் உள்ளே நுழைய வழியில்லை. மறு எண்ணிக்கை கேட்பதானால் எல்லாச் சுற்றும் கூட்டி அறிவித்தபின், முடிவை வெளியிடுவதற்கு முன், காரணத்தோடு எழுத்தில். அந்த இடைவெளி சில நிமிடம்தான், ஆகவே மனுவை முந்தின நாளே எழுதி எண்களுக்கு மட்டும் இடம் விட்டு வையுங்கள். வழக்குப் போட முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள். சாவடிக் கேமராப் பதிவுகளையும், வழக்கு இல்லையேல் 45 நாளோடு அழிக்கலாம் என்று 2025-ல் சொல்லிவிட்டார்கள்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மாநிலத் தேர்தல் ஆணையம், வேறு விதி, ஊராட்சிகளில் பல நிறக் காகிதச் சீட்டு.

வைகைக்கரை:

கடைசியாக ஒன்று அண்ணா. சாப்பிடவோ கழிப்பறைக்கோ போகும்போது அடித்து வைத்த ஓட்டர் லிஸ்டைக் கையோடு எடுத்துப் போகலாமா? வெளியே கட்சிக்காரர் "யார் யார் வரல, சீட்டில் எழுதி அனுப்பு" என்பார்கள்.

ஓட்டுச்சாவடி:

கூடாது. மாற்று ஆளிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும். வரிசை எண் எழுதிய சீட்டு வெளியே போவதும் கூடாது, அதைப் பிடித்தால் உங்களை அப்படியே வெளியேற்றலாம். செல்போனையும் வீட்டில் வைத்துவிடுங்கள். கரைத்துண்டு, சின்னம் போட்ட பேட்ஜ், தலைவர் படம் எதுவும் உடம்பில் வேண்டாம். எடுத்துப் போக வேண்டியது: வாக்காளர் பட்டியல், இரண்டு பேனா, ஒரு சிவப்பு மைப் பேனா, வெள்ளைத்தாள், 2 ரூபாய் சில்லறை, தண்ணீர் பாட்டில், காலைக்கு இட்லிப் பொட்டலம். 5.30-க்கு எந்த ஓட்டலும் திறந்திருக்காது.